மைலேஜ் இருக்கட்டும், இரண்டாம் கியரில் என்ன செய்கிறது? சின்ன டீசல் கார்கள்: ஓர் ஒப்பீடு

பழைய சின்ன டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான். அதற்குப் பதில் சுலபம். நன்றாகப் பராமரித்த எந்த வண்டியை எடுத்தாலும், கால் கொஞ்சம் அடங்கியிருந்தால், நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டும்போது 18 முதல் 22 கிலோமீட்டர் வரை கிடைக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். டயரில் காற்று குறைந்தாலே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் இந்த வண்டிகள் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லவே இல்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு கணத்தை. வேகத்தடை ஏறி இறங்கியாகிவிட்டது. வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் உருண்டுகொண்டிருக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சற்று மேலே இருக்கும். இப்போது ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துகிறீர்கள். சில வண்டிகள் முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். சில ஒரு நொடி யோசித்துவிட்டு அப்புறம் பாயும். சில உதறி, முதல் கியருக்கு மாற்று என்று கெஞ்சும். நெரிசலில் ஓட்டுபவருக்கு இந்தக் கணம் ஒரு நாளில் ஐம்பது தடவையாவது வரும். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைப்பது மாதக் கடைசியில் கணக்குப் போட்டால்தான் தெரியும். இது அன்றைக்கே இடது காலில் தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. டர்போவைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை. 1,000 சுற்றில் அந்தப் புகை போதாது. 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் எங்கோ ஓரிடத்தில்தான் டர்போ விழித்துக்கொள்ளும். அதுவரை வண்டியை நகர்த்துவது இன்ஜினின் வெறும் கொள்ளளவு மட்டும்தான். விளம்பரத்தில் போடும் பிஎஸ் (குதிரைசக்தி) கணக்கும் நியூட்டன் மீட்டர் (இழுவை) கணக்கும் டர்போ முழுமூச்சில் இருக்கும்போது எடுத்தவை. அந்த எண் என்ன சொன்னாலும், 1,000 சுற்றில் 1,461 சிசி இன்ஜினுக்கு இருக்கும் தெம்பு 936 சிசி இன்ஜினுக்கு இருக்காது. டர்போவே இல்லாத பழைய டீசல்களை ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். 1998-ல் வந்த டாடா இண்டிகாவின் 1,405 சிசி டீசலில் டர்போ கிடையாது. வேகம் என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது, ஆனால் நெரிசலில் கால் வைத்தால் வைத்த அளவுக்கு நகரும். காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய வண்டி என்று ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக வாங்க இந்த வகையில் கிட்டத்தட்ட எதுவுமே மிச்சமில்லை. ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதியில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது யூரோ 6-ல் 80 ஆனது. ஐரோப்பாவில் 2014, 2015 வாக்கில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதி வந்தபோது மாருதி சுசுகி டீசலை மொத்தமாகவே நிறுத்திவிட்டது. புகையைச் சுத்தப்படுத்தும் சாதனங்களின் செலவைப் பெரிய கார் தாங்கும். விலை குறைவு என்பதே ஒரே பெருமையாக இருக்கும் காரின் தலையில் அதை ஏற்ற முடியாது. அதனால் இப்போது கையில் இருப்பது, இரண்டாயிரத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளில் வந்த வண்டிகள்தான். அவற்றை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். நான்காவதாகப் பெட்ரோலையும் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும்.

முதலில் மூன்று சிலிண்டர்க் குடும்பம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செவர்லே பீட் டீசலின் 936 சிசி, ஃபியட்டின் 1,248 சிசியில் சரியாக முக்கால் பங்கு. ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.2 டிடிஐ, அதே நிறுவனத்தின் 1.6-ல் முக்கால். ஹூண்டாய் கிராண்ட் ஐ10, கியா ரியோ இரண்டிலும் வந்த 1,120 சிசி, 1,493 சிசியில் முக்கால். டாடா டியாகோவின் 1,047 சிசி, டாடாவின் 1,396 சிசியில் முக்கால். எல்லோரும் செய்தது ஒரே வேலை: கையில் இருந்த நான்கு சிலிண்டர் டீசலில் ஒரு சிலிண்டரை வெட்டிவிட்டார்கள். சிலிண்டரைச் சிறிதாக்கலாமே என்றால், டீசலுக்கு அது ஒத்துவராது. காற்றை அழுத்தியே சூடாக்கிப் பற்றவைக்க வேண்டிய இன்ஜின் இது. சிலிண்டர் சிறுத்தால் அந்தச் சூடு சுவர் வழியாக ஓடிவிடும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். தேயும் பாகங்கள் குறைந்தன, உராய்வு குறைந்தது, மைலேஜ் ஏறியது.

அதற்குக் கொடுத்த விலை அதிர்வு. ஐட்லிங்கில் 850 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 28 தடவை வெடிக்கும். மூன்று சிலிண்டர் 21 தடவை. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு வெடிப்பையும் உடம்பு தனித்தனியாக உணரும். சிக்னலில் நிற்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி ஆடும். கியர் லிவர் நடுங்கும். கிளம்பி 1,500 சுற்றைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், மூன்றாவது மாதம் மறந்துபோகும். இது பழகிவிடும் என்று நானே சொல்வேன். இரண்டாம் கியர் விஷயம் மட்டும் அப்படிப் பழகுவதில்லை.

அந்த விஷயத்தில் மூன்று சிலிண்டர் எல்லாமே மட்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கிராண்ட் ஐ10-ன் 1.1 டீசலை ஊருக்குள் ஓட்டத் தோதாகவே அமைத்திருக்கிறார்கள். 160 நியூட்டன் மீட்டர் இழுவை 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது, 2,750 வரை நிற்கிறது. அதற்கு மேல் மூச்சு வாங்கும், ஆனால் நெரிசலில் அதற்கு மேல் போகிறவர் யார்? போலோ 1.2 டிடிஐ நேர் எதிர். 75 பிஎஸ், 180 நியூட்டன் மீட்டர் என்று காகிதத்தில் கூடுதல்தான், ஆனால் அந்த இழுவை முழுதாக வருவது 2,000 சுற்றில். வண்டியும் கனம். ஐரோப்பாவில் வந்த புளூமோஷன் வகையில் மைலேஜுக்காக மேல் கியர்களை இன்னும் நீளமாக்கி வைத்தார்கள். நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓடும் வண்டி, நெரிசலில் கிளட்சை ஓயாமல் கேட்கும்.

புளூமோஷன் என்றதும் அதன் அதிகாரபூர்வக் கணக்கும் நினைவுக்கு வருகிறது. கிலோமீட்டருக்கு 87 கிராம் கார்பன் டை ஆக்சைடு. கியா ரியோ 85 கிராம் வரை இறங்கியது. லிட்டருக்கு 30 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். அந்தக் கணக்கை எடுத்த சோதனையில் வண்டி ஆய்வுக்கூட உருளை மேல் 20 நிமிடத்தில் 11 கிலோமீட்டர் ஓடும். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. ஏசி போடுவதில்லை. நெருக்கி முந்துவதும் இல்லை. 2017-லிருந்து ஐரோப்பாவில் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் நேர்மையான சோதனை வந்தது. அதற்குள் சின்ன டீசல்கள் விடைபெறத் தொடங்கிவிட்டன. பழைய வண்டி விளம்பரத்தில் 30 என்று பார்த்தால் மனத்துக்குள் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

சரி, இரண்டாவது குடும்பம். உண்மையில் இது ஒரே ஓர் இன்ஜின்: ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி, நான்கு சிலிண்டர். 2003-ல் வந்து ஃபியட், ஓப்பல், சுசுகி, டாடா, செவர்லே, ஃபோர்டு கா வரைக்கும் ஏறாத பானட் இல்லை. மூன்று சிலிண்டர் நடுக்கம் இல்லை, அளவுக்கு மீறிய சத்தமும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே இன்ஜினுக்கு இரண்டு சுபாவம் உண்டு என்பது. ஃபியட் பாண்டாவில் 145 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். இந்திய ஸ்விஃப்டில் 190 நியூட்டன் மீட்டர், ஆனால் 2,000 சுற்றில். எண்ணைப் பார்த்து இரண்டாவதுதான் மேல் என்று நினைப்போம். நெடுஞ்சாலையில் அது உண்மை. 2,000-ஐத் தொட்டதும் முதுகைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும் அந்தப் பாய்ச்சலுக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. நெரிசலிலோ, 1,800 வரை ஒன்றுமில்லை, 2,000-ல் எல்லாமே. முன்னால் இருக்கும் வண்டியின் பம்பர் திடீரென்று பக்கத்தில் வந்துவிடும். ஓட்டுபவர் தன்னை அறியாமலே முதல் கியரைக் கூடுதலாகப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொள்வார். அப்போது மைலேஜ் குறையும், கிளட்ச் தேயும்.

இந்த இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பெல்ட் மாற்றும் செலவு இல்லை என்று விற்பவர் சொல்வார், அது சரிதான். ஆனால் உள்ளே கொள்ளும் ஆயில் 3 லிட்டரைச் சுற்றித்தான். அதை நேரத்துக்கு மாற்றாதவர் கையில் இருந்த வண்டியில் செயின் நீண்டுபோய் சலசலக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி அந்தச் சத்தம் வந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது குடும்பத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல், அதை மறைக்கவில்லை. 1.4 எச்டிஐ, 1.4 டிடிசிஐ என்று பல பெயர்களில் பெஜோ, சித்ரோயன், ஃபோர்டு கார்களில் வந்த 1,398 சிசி இன்ஜினும், ரெனோ கிளியோ, நிசான் மைக்ரா போன்றவற்றில் வந்த 1,461 சிசி டிசிஐ இன்ஜினும் இதில் சேரும். இரண்டின் அடிப்படை வகைகளும் 64 முதல் 70 பிஎஸ் வரைதான் கொடுக்கும். காகிதத்தில் பார்த்தால் சோப்ளாங்கிதான். சிலிண்டருக்கு இரண்டே வால்வு, சின்ன டர்போ. பெஜோ இன்ஜினின் அடிப்படை வகையில், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கூடக் கிடையாது. டர்போவை அளவோடு வைத்ததால் அது எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்றே தெரியாது. 160 நியூட்டன் மீட்டரும் 2,000 சுற்றில்தான் உச்சத்துக்கு வருகிறது, ஆனால் அதற்கு முன்பே பெரும்பகுதி வந்து சேர்ந்திருக்கும். ஃபோர்டு ஃபிகோ டீசலில் இரண்டாம் கியரில் வேகத்தடை இறங்கி, கிளட்சைத் தொடாமல் அப்படியே போய்விடலாம். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டால், நடந்து வருபவரின் வேகத்தில் தானாக ஊரும். நீண்ட வரிசை நெரிசலில் வலது காலுக்கு விடுமுறை.

நெடுஞ்சாலையில் இவை அடங்கிப்போகும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்து, டிக்கி நிறைய சாமானோடு 80-லிருந்து 110-க்கு ஏற்றி ஒரு பேருந்தை முந்துவது பொறுமைக்கான வேலை. நான்காம் கியருக்கு இறங்கி, எதிரே நன்றாகக் காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும். ஸ்விஃப்ட் ஓட்டிப் பழகியவர் முதல் நாளே இந்த வண்டியைத் திட்டுவார். இன்னொன்று, இவை இரண்டும் பெல்ட் இன்ஜின்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சின்ன டீசல் என்றாலே எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் சில குணங்களும் உண்டு. அதே காரின் பெட்ரோல் வகையைவிட முன்பக்கம் கனம் கூடுதல். நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும், வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பும்போதும் மூக்கு கனமாக இருப்பது தெரியும். முன் டயர் சீக்கிரம் தேயும். குளிரில் ஹீட்டர் சூடாக நேரமாகும், ஏனென்றால் வீணாகும் வெப்பமே குறைவு. ஐந்தாம் கியரில் 100-ல் போகும்போது பெட்ரோல் கார் 3,000 சுற்றைத் தாண்டி இரைந்துகொண்டிருக்கும், டீசல் அதைவிடப் பல நூறு சுற்று கீழே தூக்கக் கலக்கத்தில் போகும். நெரிசலில் சத்தக்காரன், நீண்ட சாலையில் சாது.

இனிப் பெட்ரோல். டீசல் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டிய இடம் இதுதான். 2010 வாக்கில் தொடங்கி வந்த டீசல்கள் பலவற்றில் கரித்துகள் வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி சூட்டில் எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு வண்டி கால் மணி நேரமாவது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நான் ஒரு காலத்தில் வைத்திருந்த சின்ன டீசல் தினமும் ஆறு கிலோமீட்டர் போய், ஆறு கிலோமீட்டர் வந்தது. இன்ஜின் முழுதாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவேன். ஒன்றரை வருடத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரிந்தது. கரியை எரிக்கப் பீய்ச்சி, பாதியில் நின்றதால் எரியாமல் போன டீசல் எல்லாம் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருப்பதைப் பார்த்து, பரவாயில்லை, வண்டி ஆயிலே குடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்ட ஆள் நான். தப்பு வண்டியுடையது இல்லை. அந்த ஓட்டத்துக்கு டீசலை வாங்கினேனே, அதுதான் தப்பு.

பண விஷயத்தை லிட்டரில் கணக்குப் போட்டால் எந்த ஊர் விலைக்கும் பொருந்தும். பெட்ரோல் சின்ன கார் லிட்டருக்கு 15, டீசல் 20 என்று வைப்போம். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் 667 லிட்டர், டீசல் 500. மிச்சம் 167 லிட்டர். ஓர் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் இரண்டு மூன்று வருட மிச்சத்தை ஒரே நாளில் சாப்பிட்டுவிடும். 25,000 கிலோமீட்டர் என்றால் மிச்சம் 417 லிட்டர். அப்போதுதான் கணக்கு டீசல் பக்கம் தைரியமாகச் சாய்கிறது. டீசலின் அதிக மைலேஜில் ஒரு பங்கு இன்ஜினின் திறமைகூட இல்லை. ஒரு லிட்டர் டீசல் பெட்ரோலைவிடக் கனம், அதற்குள் இருக்கும் ஆற்றலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். அதே லிட்டர் எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் கூடுதல்தான், 2.3 கிலோவுக்குப் பதிலாக 2.6 கிலோ.

வண்டி எந்த நகரத்தில் ஓடப்போகிறது என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். லண்டனில் 2019-ல் வந்த தாழ்புகை மண்டலத்தில் பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், டீசலுக்கு யூரோ 6 வேண்டும். நான் மேலே பேசிய வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே தினசரிக் கட்டணம் கட்ட வேண்டியவை. டெல்லியில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட நகரத்தில் இருப்பவர் இன்ஜினின் குணத்தைப் பார்க்கும் முன் பதிவுச் சான்றிதழில் தேதியைப் பார்ப்பது நல்லது. ஃபோக்ஸ்வாகன் 1.2 டிடிஐ வாங்குபவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2015-ல் வெடித்த புகைச் சோதனை மோசடியில் சிக்கிய இன்ஜின் வரிசையில் அதுவும் ஒன்று, திரும்ப அழைத்துச் செய்த திருத்தம் அந்த வண்டியில் முடிந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

என் முடிவு இதுதான். தினமும் பத்துக் கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் பெட்ரோல், பேச்சே வேண்டாம். நெரிசல் பாதி, வெளிச்சாலை பாதி என்று வருடத்துக்கு 20,000 தாண்டினால் மூன்றாவது குடும்பத்தின் 1.4 அல்லது 1.5, எட்டு வால்வு வகை. அது கிடைக்காவிட்டால் ஹூண்டாய் 1.1. வாரம் இரண்டு முறையாவது 200 கிலோமீட்டர் நீட்டிப் போகிறவருக்கும், ஓட்டுவதில் கொஞ்சம் விறுவிறுப்பு வேண்டும் என்பவருக்கும் 1.3 மல்டிஜெட். 936 சிசி பீட்டை விலை ரொம்பவும் இறங்கி வந்தால் மட்டும் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது விற்பவர் எப்போதும் காலியான நல்ல சாலைக்குத்தான் கூட்டிப்போவார், அங்கே எல்லா டீசலும் நன்றாகவே ஓடும். இரண்டு பேரைக் கூட உட்காரவைத்து, ஏசி போட்டு, வேகத்தடை இருக்கும் தெருவுக்குத் திருப்புங்கள். இரண்டாம் கியரில் ஏறி இறங்குங்கள், கிளட்சைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டு, போனதும் முதலில் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.